அனகாபுத்தூர் முப்பது தாள்கள்

எங்கள் அமைப்பின் பெயர் தாம்பரம் வட்டார அணுசக்தி மற்றும் அணு ஆயுத எதிர்ப்பு உலக அமைதிக் கூட்டமைப்பு. உறுப்பினர்கள் பதினொரு பேர். அதில் ஏழு பேர் நிர்வாகிகள். மீதி நான்கு பேர் மனம் நோகக்கூடாது என்று அவர்களையும் செயற்குழுவில் போட்டுவிட்டோம். அதனால் தொண்டர் என்று யாரும் கிடையாது. பேனர் கட்ட வேண்டிய நாட்களில் மட்டும் இது ஒரு குறையாகத் தெரியும்.

நான் செயலாளராக இருந்தவன், கேசவன். செம்பாக்கத்தில் வீடு. பகலில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளைம் பிரிவில் வேலை. இறந்துபோனவர் பாலிசி எடுத்தபோது போட்ட கையெழுத்தும், பிற்பாடு வேறு தாள்களில் போட்ட கையெழுத்தும் ஒன்றுதானா என்று பார்க்கிற மேஜை என்னுடையது. ஒத்துப்போகாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். இருபத்து நாலு வருடமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கள்ளக் கையெழுத்து எங்கே தயங்கும், எங்கே அழுத்தும், எங்கே தேவையில்லாமல் அழகாக இருக்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

தலைவர் ஏசுதாசன் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். காபி வேண்டும் என்பதைக்கூட மேடையில் நின்று கேட்பதுபோல் கேட்பார். இந்த 2006-ஆம் வருடத் தொடக்கத்தில், அமெரிக்காவோடு அணு ஒப்பந்தம், ஊருக்கு ஊர் புது உலைகள் என்று பேச்சு பலமாக இருந்தபோது, அவர் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். மூன்று பேர் வந்தார்கள். ஹிரோஷிமா நாளன்று, அணுகுண்டும் வேண்டாம், புதிய அணு உலையும் வேண்டாம் என்று பிரதமருக்குப் பத்தாயிரம் கையெழுத்துகள் அனுப்பப்போவதாக அவர்களிடம் அறிவித்தார். எங்களுக்கே அப்போதுதான் தெரியும்.

"அதென்ன சார் பத்தாயிரம்?" என்று பிறகு கேட்டேன்.

"ஆயிரம்னா சின்னதா இருக்கு கேசவன். லட்சம்னா நம்ப மாட்டாங்க."

மறுநாள் ஒரு பத்திரிகையில் எட்டாம் பக்கத்தில் செய்தி வந்தது. அதை அவர் லேமினேட் செய்து வைத்துக்கொண்டார். எண் அன்றோடு கல்லில் செதுக்கியதாகிவிட்டது.

சாஜிதா எங்களிடம் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். அனகாபுத்தூரில் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். கணவர் காலமாகி இரண்டு வருடம். எங்கள் துண்டறிக்கைக் கட்டு ஒன்று எப்படியோ பழைய பேப்பர் கடை வழியாக அவரிடம் போய்ச் சேர்ந்து, அதன் பின்பக்கத்தில் அளவு வரைந்து வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் மின்சாரம் நின்றபோது, தையலும் நிற்கவே, தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் படித்திருக்கிறார். நான்கு வருடமாக நான் எழுதி அச்சடித்த அறிக்கைகளில் ஒன்றை முழுக்கப் படித்த முதல் மனிதர் அவர்தான். கீழே இருந்த விலாசத்துக்குத் தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், இதுல 'ஏகாதிபத்தியத்தின் கதிரியக்கக் கரங்கள்'னு எழுதிக்கீதே, அது புரில. ஆனா கல்பாக்கம் எவ்ளோ தூரம்னு போட்டிருந்தது பாருங்க, அது புரிஞ்சுது. நம்ம வூட்டுலேர்ந்து பஸ்ல போனா ஒன்றரை மணி நேரம். சுனாமி வந்தப்போ நான் யோசிக்கவே இல்ல அத."

ஏசுதாசன் சார் உடனே அவரை மகளிர் அணிச் செயலாளர் ஆக்கினார். மகளிர் அணியில் அவர் மட்டும்தான்.

கையெழுத்துத் தாள்களை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தோம். ஒரு தாளுக்கு முப்பது பேர். மேலே 'சேகரித்தவர்' என்று பெயர் போட ஒரு கோடு. சாஜிதா வேலை செய்த விதம் எங்களுக்கெல்லாம் ரொம்ப பேஜாராக இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, கடிதத்தை வரி வரியாகப் படித்துக் காட்டி, கேள்வி கேட்கச் சொல்லி, பிறகு "வேணாம்னா வேணாம், கஷ்டமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை நீட்டுவாராம். ஒரு நாளைக்கு நாலு வீடு தாண்டாது. சொந்த வீட்டில் முதலில் வாங்காமல் அடுத்த வீட்டில் கேட்கக்கூடாது என்று வேறு ஒரு விதி வைத்திருந்தார். மாமியார் பதினோரு நாள் யோசித்தாராம். பதினோரு நாளும் சாஜிதா தெருவில் இறங்கவில்லை.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம்.

"சிரிங்க சார். தெருமுனைல ஒருத்தரு இன்னா கேட்டாரு தெரியுமா? 'உங்க பாகிஸ்தான் குண்ட இன்னா பண்றது'ன்னாரு. உங்க பாகிஸ்தான்னு. எந்த நாட்டு குண்டும் வேணாம்னு மூணாவது வரில கீது, நீங்களே படிங்க அண்ணான்னு கையில குடுத்தேன். நின்னு படிச்சாரு. போட்டுட்டாரு."

கையெழுத்துக்குப் பக்கத்தில் ஓரமாகக் குறிப்பும் எழுதுவார். 'மகன் ராணுவத்தில். இரண்டு நாள் கழித்துப் போட்டார்.' 'கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்டார். தெரியாது என்றேன். போட்டார்.' இப்படி.

ஜூலை நடுவில் கணக்கெடுத்தோம். கணக்கு எடுத்தது எபி. மேடவாக்கத்தில் குடியிருப்பவன், கம்ப்யூட்டர் கம்பெனி. மொத்தம் ஆயிரத்து முன்னூற்று நாற்பத்தாறு. அதில் சாஜிதாவுடையது இருநூற்றுப் பதினான்கு. என் பங்கு ஐம்பத்தெட்டு. அத்தனையும் ஆபீஸில், என் கையெழுத்துக்குப் பயந்து வாழும் கீழ்நிலை ஊழியர்களிடம் வாங்கியது.

ஏசுதாசன் சார் கணக்குத் தாளைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "மக்கள் நம்மோடுதான் இருக்காங்க. அவங்க வீட்டுக்கு நாம போய்ச் சேரல, அவ்வளவுதான். அவங்க மனசாட்சிக்கு நாமே ஓர் உருவம் கொடுத்தா என்ன?"

"ஃபோர்ஜரியா சார்?" என்றான் எபி.

"உருவம்னு சொன்னேன்."

உருவம் கொடுக்கப் பெயர்கள் வேண்டும். என்னிடம் இருந்தன. இந்த மே மாதத் தேர்தலில் எனக்கு அனகாபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி டியூட்டி. சாயங்காலம் கட்சி ஏஜெண்ட் ஒருவர் வாக்காளர் பட்டியலை பெஞ்சிலேயே விட்டுப் போய்விட்டார். வீணாகப் போகிறதே என்று பையில் போட்டு எடுத்து வந்திருந்தேன். செம்பாக்கம், மேடவாக்கம் பட்டியல்களை மற்றவர்கள் எங்கிருந்தோ பிடித்தார்கள்.

இரண்டு வாரம், சனி ஞாயிறுகளில், ஏசுதாசன் சார் வீட்டு ஹாலில் உட்கார்ந்து போட்டோம். எட்டு நிறத்தில் பேனா. முறுக்கு. எனக்கு வலது கை, இடது கை இரண்டும் பழகிவிட்டது. முதியவர்களுக்கு நடுக்கம் வைத்தேன். படித்த பெண்களுக்கு ஆங்கிலத்தில் சாய்த்துப் போட்டேன். கைநாட்டுக்குப் பத்து விரலும் தீர்ந்தபோது கால்விரலை உபயோகிக்கலாமா என்று எபி கேட்டான். ஏசுதாசன் சார் அவனைக் கடுமையாகப் பார்த்தார். "நாம ஒரு கொள்கையோட இயங்கற அமைப்பு, தம்பி" என்றார்.

அனகாபுத்தூர் பட்டியல் முழுக்க என் கைவேலை. தொள்ளாயிரம் பேர். முப்பது தாள்கள். வரிசையாக, கதவு எண்ணோடு. ஒவ்வொரு தாளின் மேலும் 'சேகரித்தவர்' என்ற கோடு காலியாக இருந்தது. அனகாபுத்தூர் சாஜிதாவின் பகுதி அல்லவா, அவர் பெயரையே எழுதினேன். முப்பது தடவை. அந்த நேரத்தில் அது ஒரு நேர்த்தியாகப் பட்டது.

செம்பாக்கம் தாளில் என் மனைவி காமுவுக்கும் நானே போட்டேன். ஆள் அடுத்த ஊரில் இருந்தால் என்ன, ஒரே வீட்டில் அடுத்த அறையில் இருந்தால் என்ன, பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அன்றைக்கு அவள் எனக்குக் கட்டிக் கொடுத்த தயிர்சாதம் மேஜையிலேயே இருந்தது.

ஆகஸ்ட் ஆறு, ஞாயிற்றுக்கிழமை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய கல்யாண மண்டபம். முன்னூற்றுச் சொச்சம் தாள்களைச் சிவப்புக் காலிகோத் துணி அட்டை போட்டு ஒரே புத்தகமாக ஓரத்தில் தைத்து வாங்கியிருந்தோம். ஓய்வுபெற்ற துணைவேந்தர் ஒருவர் சிறப்பு விருந்தினர். மேடையில் சாஜிதா அதைப் பெண்கள் சார்பாக அவரிடம் கொடுக்க வேண்டும், அவர் அதை உயர்த்திக் காட்ட வேண்டும், போட்டோ. இதுதான் திட்டம்.

சாஜிதா ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். தெருவிலிருந்து ஆறு பெண்களையும் கூட்டி வந்திருந்தார். அவர்கள் மூன்றாவது வரிசையில் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தார்கள். நான் மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் நன்றியுரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். புத்தகம் மேஜைமேல் இருந்தது.

"சார், எங்க தாளு எங்க கீதுன்னு பாத்து வெச்சுக்கறேன். அவுங்க கையெழுத்த அவுங்களுக்கே காட்டணும்" என்று சொல்லிப் புரட்ட ஆரம்பித்தார்.

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணத்தைத் தேடினேன். பத்தாயிரம் பேரைக் கண்டுபிடித்த மூளைக்கு அந்த ஒரு காரணம் கிடைக்கவில்லை.

புரட்டும் சத்தம் நின்றது. அவர் ஒரு தாளில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

"சார், இது யாரு வாங்கினது?"

எட்டிப் பார்த்தேன். நசீருதீன். வயது நாற்பத்து மூன்று. பச்சை மையில், உருதுக்காரர் போல இருக்கட்டும் என்று கொஞ்சம் வளைத்து வளைத்து நான் போட்டது.

"அதே பேர்ல வேற யாராவது இருப்பாங்கம்மா" என்றேன்.

"கதவு நம்பர் பதினாலு பை ரெண்டு. அது என் வூடு சார்."

கையிலிருந்த நன்றியுரையை மடித்தேன்.

"அடுத்த வரியப் பாருங்க. சாஜிதா. நான் போட்டிருக்கேன். இங்கிலீஷ்ல. எனக்கு இங்கிலீஷ்ல கையெழுத்து வராது சார்."

பட்டியலில் அவர் கணவர் பெயருக்குக் கீழே அவர் பெயர் இருந்திருக்கிறது. தொள்ளாயிரம் பெயரில் நான் எதையும் படிக்கவில்லை. எழுதினேன், அவ்வளவுதான். பட்டியலின் கடைசியில் இறந்தவர்களின் பெயர்களை நீக்கிய ஒரு பக்கம் இருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். டியூட்டிக்கு முன் நடந்த வகுப்பில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை.

"அவர் கையெழுத்து எனக்குத் தெரியும் சார்" என்றார் சாஜிதா. குரல் உயரவில்லை. "தமிழ்ல போடுவாரு. ந போட்டு ஒரு புள்ளி. அதப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். இன்சூரன்ஸ்ல மூணு தடவ திருப்பி அனுப்புனாங்க. இதுல ஒரு மாதிரி கீது, அதுல வேற மாதிரி கீதுன்னு. அவருக்கு ஒடம்பு முடியாதப்போ போட்டது, கை நடுங்கிச்சுன்னு சொன்னேன். ஒத்துக்கல."

எந்த அலுவலகம் என்று நான் கேட்கவில்லை. எங்களுடையதாக இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இருக்காது என்று எனக்கு எப்படித் தெரியும்? அந்த மேஜையில் நான் முகங்களைப் பார்ப்பதில்லை, கையெழுத்தைத்தான் பார்ப்பேன்.

அவர் தாளின் மேல்பக்கத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த தாளின் மேல்பக்கம். அதற்கடுத்தது.

"எல்லாத்துலயும் என் பேரு."

"அது ஒரு... பகுதி வாரியா பிரிச்சோம். அதுக்காக."

"இவ்ளோ பேருகிட்ட நான் போவல சார். இதுல பாதிப் பேரு எனக்குக் கதவே தொறக்கல. நாளைக்கு எவனாவது ஒருத்தன் இதத் தொறந்து, எங்கப்பா செத்து அஞ்சு வருஷமாச்சே, யாரு போட்டதுன்னு கேட்டா? உங்க பேரு இதுல எங்கயும் இல்ல. ஏசுதாசன் சார் பேரு இல்ல. ஒரு சாயபு வூட்டுப் பொம்பள கள்ளக் கையெழுத்து போட்டு டில்லிக்கு அனுப்பிச்சான்னு தான் வரும். அதுவும் குண்டு விஷயத்துல. உங்கள வுட்டுடுவாங்க சார். என்னிய?"

வெளியே மைக்செட்காரர் ஒன்று இரண்டு மூன்று என்று சோதித்துக்கொண்டிருந்தார். ஏசுதாசன் சார் எட்டிப் பார்த்து, "இன்னும் இருபது நிமிஷம். வரலாற்றுத் தருணம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாஜிதா கைப்பையைத் திறந்தார். தையல் பிரிக்கிற சின்னக் கத்தி ஒன்றை எடுத்தார்.

"அந்தப் பக்கம் கெட்டியாப் புடிங்க சார்."

பிடித்தேன். ஜாக்கெட் கையைப் பிரிப்பதுபோல, ஒவ்வொரு தையலாக அறுத்து நூலை இழுத்தார். நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அறுபது ரூபாய் கூலி கொடுத்துப் போட்ட பைண்டிங் ஐந்து நிமிடத்தில் அவிழ்ந்தது. தம்முடைய எட்டுத் தாள்களை உருவினார். பிறகு என்னுடைய முப்பதையும் உருவினார். அந்த முப்பதில் நசீருதீன் இருந்த தாளை மட்டும் எடுத்து நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரரு பேரு எழுதின தாளு. வெளிய வுட முடியாது" என்றார். மீதி இருபத்தொன்பதை என்னிடம் கொடுத்தார். "இது உங்களுது."

நான் அவற்றை மடித்து என் ஜோல்னாப் பையில் வைத்துக்கொண்டேன்.

அறையை விட்டுப் போகும்போது திரும்பினார். "உங்க வூட்டம்மா போட்டுட்டாங்களா சார்?"

தலையசைத்தேன். ஆமாம் என்றுதான் அசைத்தேன்.

அவிழ்ந்த புத்தகத்தைப் பேனர் கட்டியதில் மிச்சமிருந்த சணல் கயிற்றால் கட்டி மேடைக்கு எடுத்துப்போனேன். துணைவேந்தர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் முப்பது நிமிடம் அவர் ஜப்பான் போனபோது எந்த ஓட்டலில் தங்கினார் என்பது. பிறகு ஏசுதாசன் சார் சாஜிதாவை அழைத்தார். சாஜிதா எட்டுத் தாள்களோடு போய் மைக் முன் நின்றார்.

"இருநூத்திப் பதினாலு பேரு. எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன். கேள்வி கேட்டாங்க. யோசிச்சுப் போட்டாங்க. அதுல ஆறு பேரு இங்க வந்துகீறாங்க. மத்ததப் பத்தி எனக்குத் தெரியாது."

அவ்வளவுதான். மூன்றாவது வரிசைப் பெண்கள் கை தட்டினார்கள். மற்றவர்கள் மேடையைப் பார்த்தார்கள். இதோ முடிந்தது என்று நினைத்தேன். முடிந்துவிட்டால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் முப்பத்தைந்து வருடம் வகுப்பறைகளைச் சமாளித்தவரை அவ்வளவு சுலபத்தில் கவிழ்க்க முடியாது. ஏசுதாசன் சார் மைக்கைப் பிடித்தார். "பத்தாயிரம் உள்ளங்களின் அடையாளமாக இருநூற்றுப் பதினான்கு. என்ன ஒரு எளிமை" என்றார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. துணைவேந்தர் சணல் கட்டை உயர்த்திப் பிடித்தார். போட்டோ எடுத்தார்கள்.

நானும் கை தட்டினேன். அதை எழுதாமல் விட முடியாது.

அடுத்தது நன்றியுரை. மைக் என் கையில் இருந்தது. மூன்றாவது வரிசை நேர் எதிரே. சாஜிதா அவர்களோடு போய் உட்கார்ந்து, எட்டுத் தாள்களையும் அவர்களிடம் பிரித்துக் கொடுத்து, யார் கையெழுத்து எங்கே என்று காட்டிக்கொண்டிருந்தார். ஒருத்தி தன் பெயரைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் இருந்தவளின் தோளில் தட்டினாள். நான் மண்டபம் தந்தவருக்கு நன்றி சொன்னேன். ஒலிபெருக்கி, நாற்காலி, தேநீர், துணைவேந்தரின் கார் டிரைவர், எல்லோருக்கும் நன்றி. கையெழுத்திட்ட பத்தாயிரம் பேருக்கும் நன்றி என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். அதைப் படிக்காமல் விட்டேன். அந்த வீரச்செயலைக் கவனித்தவர் யாரும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் பையை அலமாரிக்குப் பின்னால் வைத்தேன். பிறகு அதை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். காமு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கையெழுத்து வேணும்" என்றேன்.

"எதுக்கு?"

"அணு உலை, அணுகுண்டு. வேண்டாம்னு. பிரதமருக்கு."

"அதான் இன்னிக்குக் குடுத்து முடிச்சாச்சே?"

"உன்னுது விட்டுப்போச்சு."

கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "என்ன எழுதியிருக்கு, படிங்க."

நான் எழுதிய கடிதம்தான். மனித குலத்தின் மேல் கவிழ்ந்த கருமேகமாம் அணு வல்லாதிக்கத்தின்... என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் கையைக் காட்டினாள்.

"புரியற மாதிரி சொல்லுங்க."

சொல்லப் பார்த்தேன். சாஜிதா கேட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. கல்பாக்கம் எவ்வளவு தூரம் என்று சொன்னேன். குண்டு எந்தப் பக்கம் விழுந்தாலும் அது விழுவது காய் நறுக்கிக்கொண்டிருப்பவர்கள் மேல்தான் என்று சொன்னேன். உலையில் மிஞ்சும் சாம்பலை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாது என்றேன். நாலு வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் இதைச் சொல்கிறேன் என்பது சொல்லும்போதுதான் தெரிந்தது. நான் இதை நம்புகிறேன் என்பதும் அப்போதுதான் நிச்சயமானது. அது இன்னும் மோசமாக இருந்தது.

"அப்ப கரண்ட்டுக்கு என்ன பண்றது?"

"தெரியாது."

அவள் என்னைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு விஷயத்த ஒத்துக்கிட்டு நான் பார்த்ததே இல்ல" என்றாள். பிறகு, "பையில என்ன அது, மூட்டையா?"

எடுத்துக் காட்டினேன். அனகாபுத்தூர் இருபத்தொன்பது தாள்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பதினாலு பை இரண்டைச் சொன்னேன். செம்பாக்கம் தாளில் அவளுக்கு நான் போட்ட கையெழுத்தையும் சொன்னேன்.

அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். வெறுமனே கேட்டாள்: "எப்படிப் போட்டீங்க? போட்டுக் காட்டுங்க."

பீன்ஸ் சுற்றி வந்த தாளின் ஓரத்தில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. என்னுது இவ்வளவு அழகா இருக்காது" என்றாள். கத்தியை எடுத்துக்கொண்டாள். "நான் யோசிச்சுச் சொல்றேன்."

அந்தச் சிவப்பு அட்டை சணல் கட்டோடு டில்லிக்குப் போயிற்று. பதில் வரவில்லை. ஏசுதாசன் சார் அடுத்த வருடத்துக்கு இருபதாயிரம் என்று அறிவித்திருக்கிறார். நான் செயலாளர் பதவியை விட்டுவிட்டேன். உடல்நிலை என்று காரணம் எழுதிக் கொடுத்தேன். உண்மைக் காரணத்தை எழுதியிருக்கலாம். சாஜிதா எங்கள் அமைப்புக்கு வருவதில்லை. தனியாக வீடு வீடாகப் போகிறாராம். இருநூற்று முப்பத்தொன்று ஆகிவிட்டது என்று எபி சொன்னான்.

ஒருநாள் அனகாபுத்தூருக்குப் போய், பதினாலு பை இரண்டின் கதவைத் தட்டி, நானும் கூட வந்து கேட்கலாமா என்று கேட்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் சொந்த வீட்டில் வாங்காமல் அடுத்த வீட்டில் கேட்கக்கூடாது. அவர் விதி அது.

காமு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள். இன்றோடு பத்தொன்பது நாள்.